டாக்டரம்மாவின் பதினொரு விண்ணப்பங்கள்

அம்மாவின் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, நிர்வாக இயக்குநரின் அறையில் ஒரு சட்டத்தின் மேல் நிறுத்தியிருந்தார்கள். மகள் கதவைத் திறந்ததும் அதுதான் எதிரே நின்றது. படத்தின் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி: ‘எல்லோரையும் கவனித்தவர், தன்னைக் கவனிக்க மறந்தவர்.’ அதற்கும் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில்: ‘நீங்களும் மறந்துவிடாதீர்கள். ஊழியர் நலவாழ்வு வாரம்.’

அம்மா இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

“உக்காருங்கம்மா. அலைச்சல் இல்லாம வந்தீங்களா?” என்றார் இயக்குநர். குரலில் அவ்வளவு பஞ்சு. “இதை அறுபத்திரண்டு நாட்டு அலுவலகத்துக்கும் அனுப்பப் போறோம். இனிமே ஒரு ஊழியர்கூட பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. போன பிறகும் உங்கம்மா சேவை பண்றாங்க பாருங்க. குடும்பத்தோட சம்மதக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

வீட்டில் அம்மா இவரை ‘மெத்தை’ என்றுதான் சொல்வாள். எங்கே குத்தினாலும் சத்தம் வராது. குத்தின கைதான் களைத்துப்போகும். பெயரின் பொருத்தம் மகளுக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது.

“அம்மா மறந்தாங்கன்னு யாரு சொன்னது?”

இயக்குநர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் ஆட்சிக்குழுவுக்கு ஓர் அறிக்கை போக வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அது போகவிருந்தது. அம்மாவின் இடத்தில் இப்போது பொறுப்பிலிருக்கும் துணை டாக்டர் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒரே வாக்கியம்: ‘ஊழியர் தமது காலமுறை மருத்துவப் பரிசோதனையை ஆறு ஆண்டுகளாகத் தவறவிட்டார்.’

மகள் அதை மூன்று முறை படித்தாள். அவளுக்குத் தொழில் கொதிகலன் ஆய்வு. அழுத்தம் தாங்குகிற எந்தக் கலனுக்கும் ஒரு தேதி உண்டு. தேதி தாண்டினால் சிவப்புச் சீட்டைக் கட்டி நிறுத்திவிட்டு வருவாள். ஆலை முதலாளி காலில் விழுந்தாலும் சரி, கையில் எதையாவது திணிக்கப் பார்த்தாலும் சரி. பத்து வருடமாக அதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவளின் அம்மாவுக்கு ஆறு வருடம் தேதி தாண்டியிருந்ததாம்.

வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் மெலிந்து, உப்பி, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு வெடித்தது. ஐந்தாம் மாடிக் கூட்ட அறையில், ஓட்டுநர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றி அம்மா பேசிக்கொண்டிருந்தபோது. மருத்துவமனையில் அதை விளக்க வந்தவரை மகள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். சுவர் மெலிவதும் உப்புவதும் அவள் தினமும் அளப்பது. மனிதர்களுக்கு அதை ஒரு ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். ஐம்பத்தைந்து தாண்டிய ஊழியர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை அந்த ஸ்கேன் கட்டாயம் என்று அங்கே விதி எழுதியதே அம்மாதான்.

எழுதியவளா தவறவிட்டாள்?

“கீழ போய் அம்மா சாமானை எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் இதை அனுப்பாதீங்க.”

“மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கும்மா. உங்க சௌகரியம்” என்றார் மெத்தை.

நலவாழ்வுப் பிரிவு தரைத்தளத்தில், வண்டிக் கொட்டகையை ஒட்டி மூன்று அறைகள். போர், வெள்ளம், பஞ்சம் என்று எங்கே நடந்தாலும் ஆள் அனுப்புகிற சர்வதேச அமைப்பு அது. நாலாயிரம் ஊழியர்கள். யார் எங்கே போகலாம், யார் போகக் கூடாது, போய் வந்தவர் எந்த நிலையில் வந்திருக்கிறார் என்பதெல்லாம் இந்த மூன்று அறைகளில்தான் முடிவாகும். அம்மா வந்த புதிதில் கதவில் ‘மருந்தகம்’ என்று இருந்தது. பிறகு ‘மருத்துவப் பிரிவு’ ஆயிற்று. அதற்கும் பிறகு ‘ஊழியர் உடல்நலம், நலவாழ்வுச் சேவைகள்’. “பேரு மூணு தடவை மாறிடுச்சு. கட்டில் அதே கட்டில்தான்” என்பாள் அம்மா. நலவாழ்வு என்ற சொல் பலகையில் ஏறிய வருடம் மேலிடத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய ரப்பர் பந்துகள் வந்தன. மனசுக்கு நெருக்கடி வரும்போது ஊழியர்கள் கையில் வைத்துப் பிசைந்துகொள்ள வேண்டுமாம். அம்மா ஒன்றை எடுத்துப் பிசைந்து பார்த்தாள். “அழுத்தத்தைக் குடுக்கறதும் இவங்க, அமுக்கறதுக்குப் பந்தைக் குடுக்கறதும் இவங்க” என்று சொல்லி, அதை இரண்டாக வெட்டி, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மூத்த நர்ஸ் அம்மாவின் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஸ்டெதாஸ்கோப். இரண்டு மூக்குக்கண்ணாடி. கால் வீங்கும் நாளுக்கென்று ஒரு அளவு பெரிய செருப்பு. ஒரு தடித்த நோட்டு.

“இது என்ன சிஸ்டர்?”

“‘வழி கேட்க வந்தவர்கள்.’ உங்கம்மா வச்ச பேரு.” நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “டிரைவருங்க, துப்புரவு ஆளுங்க எல்லாம் ஒப்பந்தக்காரங்க. இங்க வைத்தியம் பாக்கக் கூடாது, ஊழியர் கணக்குல வர மாட்டாங்கன்னு மேல சொல்லிட்டாங்க. சரி, கட்டடத்துல வழி தெரியாம யாராவது கேட்டு வந்தா பதில் சொல்லலாம்லன்னு உங்கம்மா கேட்டாங்க. அது தப்பில்லைன்னாங்க. அவ்வளவுதான். அன்னைலேர்ந்து வர்றவங்க எல்லாம் வழி கேட்டுத்தான் வந்தாங்க.”

மகள் நோட்டைப் பிரித்தாள். அம்மாவின் கோணல் எழுத்து. ‘மூன்றாம் வாயிலுக்கு வழி கேட்டார். ரத்த அழுத்தம் 190. உடனே அனுப்பப்பட்டார்.’ ‘மின்தூக்கிக்கு வழி கேட்டார். இரவில் தூங்குவதில்லை. மனைவி பிரிந்து நாலு மாதம்.’ நோட்டில் இருந்தது இருபத்தைந்து வருடத்து வழி.

அம்மா இங்கே வருமுன் ஒன்பது வருடம் வெளி முகாம்களில் டாக்டராக இருந்தவள். கூடாரத்தில் பிரசவம் பார்த்திருக்கிறாள். கைவிளக்கு வெளிச்சத்தில் தையல் போட்டிருக்கிறாள். மகளுக்கு ஏழு வயதானபோது இனி வெளியூர் வேண்டாம் என்று தலைமையகத்துக்கு வந்தாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் இரண்டு பேர். மகள் வேலைக்காக வேறு ஊர் போன பிறகு ஒருத்தி.

முகாம் வாழ்க்கை அம்மாவுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. யாரிடமும் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்க மாட்டாள். “அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ‘நல்லா இருக்கேன்.’ செத்தவனைக் கேட்டாலும் அதான் சொல்லுவான்” என்பாள். அவள் கேட்பது: “நேத்து என்ன சாப்பிட்டீங்க? யாரோட சாப்பிட்டீங்க?” ஒரு முறை போர் நடக்கும் ஊரிலிருந்து திரும்பிய அதிகாரி ஒருவரை எட்டே நாளில் அடுத்த ஊருக்கு அனுப்ப மேலிடம் துடித்தது. ஆளும் மீசையை முறுக்கிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார். அம்மா அந்த இரண்டு கேள்வியையும் கேட்டாள். முதலாவதற்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கு அவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு முக்கால் மணி நேரம் தேம்பினார். படிவத்தில் ‘தகுதி’, ‘தகுதியின்மை’ என்று இரண்டே கட்டம். தகுதியின்மை என்று எழுதினால் அவர் வேலை போய்விடும். அம்மா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ‘இப்போது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படி ஒரு கட்டமே கிடையாது என்று மேலிருந்து ஆறு கடிதம் வந்தது. ஏழாவது வருடம் அந்தக் கட்டம் படிவத்தில் அச்சாகியே வந்தது.

இப்படிப்பட்டவளைத்தான் மறதிக்காரி என்று சுவரில் ஒட்டப் போகிறார்கள்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. அம்மா ஏன் செக்கப் பண்ணிக்கலை?”

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தவில்லை. நன்றாகத் திறந்து வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மகளின் மடியில் போட்டார். “வாரிசு கேட்டா குடுக்கலாம். விதி நாப்பத்தொண்ணு. அதையும் உங்கம்மாதான் எழுதினாங்க. நீ கேட்டுட்ட பாப்பா. படி.”

கோப்பில் பதினொரு தாள். எல்லாம் ஒரே மாதிரி. ‘காலமுறைப் பரிசோதனைக்கு விண்ணப்பம்.’ விண்ணப்பித்தவர்: பிரிவுத் தலைவர். ஒப்புதல் தர வேண்டியவர்: பிரிவுத் தலைவர். கீழே கணினியின் பதில்: ‘விண்ணப்பித்தவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவரே. விண்ணப்பம் முடிக்கப்பட்டது.’ பதினொரு தேதி. ஆறு வருடத்தில் பரவிக் கிடந்தன.

“புரியலையே” என்றாள் மகள். புரிந்துவிட்டது. நம்பத்தான் முடியவில்லை.

“முன்னாடி இருந்த தலைவர் தனக்குத் தானே ‘தகுதி’ன்னு கையெழுத்து போட்டுக்கிட்டே இருந்தார். ஒரு நாள் கண்ணு தெரியாமப் படியில உருண்டார். அதுக்கப்புறம் உங்கம்மா ரெண்டு விதி எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணு, எந்த டாக்டரும் தனக்குத் தானே கையெழுத்து போடக் கூடாது. ரெண்டு, பிரிவுத் தலைவரை வெளி மருத்துவமனை டாக்டர் பரிசோதிக்கணும். கணினியை மாத்தினப்ப மொத விதியை ஏத்திட்டாங்க. ரெண்டாவதுக்கு வெளி மருத்துவமனையோட ஒப்பந்தம் போடணும், அது அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாங்க. அந்த அப்புறம் இன்னும் வரலை.”

“தேதி தாண்டினா கணினி கத்தியிருக்கணுமே?”

“கத்தினா வருஷாந்தர அறிக்கையில நூறு சதவீதம் வராதே! அதனால, கையெழுத்து போட ஆள் இல்லாத இடத்துல தானா ரெண்டு வருஷம் நீட்டிக்கற மாதிரி பண்ணி வச்சிருக்காங்க.”

ஓர் ஆலையில் இதை மகள் பார்த்திருந்தால் அந்த நிமிடமே மொத்த ஆலையையும் இழுத்து மூடியிருப்பாள். எச்சரிக்கை மணியைப் பிடுங்கிவிட்டு, மணி அடிக்கவில்லை, அதனால் எல்லாம் பத்திரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நூறு மதிப்பெண் வேறு.

“வெளிய போய்ப் பாத்திருக்கலாமே சிஸ்டர். அம்மாவுக்குத் தெரியாத டாக்டரா?”

“நானும் வாய் வலிக்கச் சொன்னேன். ‘நான் நைசா வெளிய போய்ப் பாத்துக்கிட்டா இந்த ஓட்டை இப்படியே கெடக்கும். எனக்கப்புறம் வர்றவன் இதுல விழுவான். அவங்க அடைக்கட்டும்’னாங்க. வலியும் இல்லை அவங்களுக்கு. வலி இருந்திருந்தா நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்.”

பிடிவாதக்காரி. மகளுக்கு அம்மாவை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவாள் மகள். ‘எப்படிம்மா இருக்க?’ என்று கேட்பாள். ‘நல்லா இருக்கேன்’ என்பாள் அம்மா. மகள் நம்பிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவாள். ஊரெல்லாம் கேட்கக் கூடாது என்று அம்மா விலக்கி வைத்த கேள்வியைத்தான் பெற்ற பெண் வாராவாரம் கேட்டிருக்கிறாள்.

மணி இரண்டே கால். மகள் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நர்ஸும் வந்தார். வழியில் துணை டாக்டரின் அறையில் நின்று, “டாக்டர், கொஞ்சம் மேல வாங்க” என்றாள். அவருக்கு ஐம்பத்தேழு வயது; யார் என்ன சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்பார், அதனால் அவருக்குப் பெயரே ‘ஆகட்டும் டாக்டர்’. இப்போதும் அதையே சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார்.

மூன்று பேரைப் பார்த்ததும் இயக்குநரின் முகத்தில் பஞ்சு கொஞ்சம் குறைந்தது. மகள் சம்மதப் படிவத்தை இழுத்து ‘சம்மதம் இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, திருப்பி நகர்த்தினாள். அதன் மேல் பதினொரு தாளையும் வைத்தாள்.

“எங்கம்மா எதையும் தவறவிடலை. கேட்டாங்க. பதினொரு தடவை. நீங்க இல்லைன்னீங்க.”

இயக்குநர் தாள்களை மேலோட்டமாகப் புரட்டினார். “நாங்க இல்லைன்னு சொல்லலையேம்மா. இது கணினியோட தானியங்கிப் பதில். எப்பவோ ஒரு தடவை இப்படி…”

“எப்பவோ ஒரு தடவையா? சரி, இப்பவே சோதிச்சுப் பாத்துடலாம்.” மகள் துணை டாக்டரின் பக்கம் திரும்பினாள். “உங்க தேதி எப்ப டாக்டர்?”

“அடுத்த மாசம் நாலு.”

“இவர் கணினியிலயே விண்ணப்பம் போடுங்க.”

துணை டாக்டர் இயக்குநரைப் பார்த்தார். நர்ஸ் நாற்காலியை இழுத்து, “உக்காருங்க டாக்டர். விண்ணப்பம் போட யார் அனுமதியும் வேணாம்” என்றார். அவர் உட்கார்ந்து தன் எண்ணைத் தட்டினார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. திரையில் வந்ததை அவரே வாய்விட்டுப் படித்தார்.

“விண்ணப்பித்தவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவரே. விண்ணப்பம் முடிக்கப்பட்டது. உங்கள் தகுதி இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது. நலமாக இருங்கள்.”

பக்கத்தில் ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்தது.

“சின்னத் தொழில்நுட்பக் கோளாறு” என்றார் இயக்குநர். “நாளைக்கே சொல்லிச் சரி பண்ணிடறேன்.”

“நாளைக்கே சரி பண்ற விஷயமா சார் இது?” நர்ஸ் ஒரு எட்டு முன்னால் வந்தார். “அப்ப ஆறு வருஷமா எதுக்காகக் காத்திருந்தீங்க? ஒரு ஆள் சாகணும்னா?”

“சிஸ்டர், நிதானமாப் பேசுங்க. அவங்களே பெரிய டாக்டர். வெளிய எங்க வேணா போய்ப் பாத்திருக்கலாம். யாரு தடுத்தா?”

மகள் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். “பாத்திருக்கலாம். அந்தக் கோவம் எனக்கு நிறையவே இருக்கு. அது எங்க வீட்டுக் கோவம், அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல. நீங்க அதை எடுத்துப் போத்திக்காதீங்க. வெளிய போகலைன்னு எழுதணும்னா எழுதுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, உள்ள கேட்டாங்க, நீங்க பாக்கலைன்னு எழுதுங்க. அதுதான் முதல்ல நடந்தது.”

“வார்த்தையில என்னம்மா இருக்கு…”

“வார்த்தையில ஒண்ணும் இல்லைன்னா மாத்தறதுல என்ன கஷ்டம்?”

மணி இரண்டு நாற்பது. இயக்குநர் அறிக்கையைத் துணை டாக்டரின் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க டாக்டர். மத்ததை ஆற அமரப் பேசிக்கலாம். குழு காத்திருக்கு.”

துணை டாக்டர் பேனாவை வாங்கினார். திரையில் மஞ்சள் மூஞ்சி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு அந்த வாக்கியத்தில் ‘ஊழியர் தமது’ என்பதை அடித்து ‘பிரிவுத் தலைவரின்’ என்று மேலே எழுதினார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் ‘டார்’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் அடித்தார். ‘டோம்’ என்று எழுதினார்.

தவறவிட்டோம்.

“என்ன டாக்டர் பண்றீங்க?” இயக்குநர் முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். “அப்படி எழுதினா பொறுப்பு யார் தலையில வரும்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார். எனக்கும் அதுல பங்கு இருக்கு. அஞ்சு வருஷமா பக்கத்து அறையில இருந்தேன்.” அடுத்த வரியையும் எழுதினார்: ‘அவர் பதினொரு முறை விண்ணப்பித்தார். தாள்கள் இணைப்பில்.’ கையெழுத்துப் போட்டார். பதினொரு தாளையும் சேர்த்து ஊசி குத்தினார். கோப்பை இயக்குநரிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு ஆட்சிக்குழு அறைக்கு நடந்தார். நர்ஸ் கூடவே போனார், நடுவில் யாரும் வாங்கிவிடாதபடிக்கு.

திரும்பி வந்தபோது துணை டாக்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “குடுத்தாச்சும்மா. குழுத் தலைவர் கையாலயே வாங்கிக்கிட்டார். படிச்சார். நாளைக்கு எனக்கு இங்க நாற்காலி இருக்குமான்னு தெரியாது.”

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மகளுக்குத் தெரிந்தது. வாயில் வந்தது வேறு. “ஸ்கேன் எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு?”

“ரெண்டு வருஷம் ஆகப் போகுது. அடுத்த வாரம் எங்கயாவது…”

“கிளம்புங்க டாக்டர். இப்பவே.”

“இப்பவேயா? ஆகட்டும், ஆனா எழுதிக் குடுக்க ஆள்…”

“நீங்க யார்கிட்டயும் கேக்க வேணாம். என் வண்டி வெளிய நிக்குது.”

நாலு தெரு தள்ளி இருந்த மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவுக்கு வெளியே ஆறு நாற்காலிகள். கூட்டம் இல்லை. சீட்டு எழுதும் பெண், “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லை. கூட வந்திருக்கேன்” என்றாள் மகள். துணை டாக்டரைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியதும், தொழில் பழக்கத்தில், அவள் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

கதவு திறந்தது. அவர் வயிற்றில் தடவியிருந்த கூழைக் காகிதத்தால் துடைத்துக்கொண்டே, சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டபடி வந்தார். “ஒண்ணும் இல்லையாம். குழாய் சுத்தமா இருக்காம்.”

ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

சந்தோஷம் டாக்டர் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சந்தோஷம்தான். ஆனால் வந்த குரல் நடைபாதைக் கோடி வரைக்கும் கேட்டது. “ஒம்போது நிமிஷம் டாக்டர்! ஒம்போதே நிமிஷம்!”

சீட்டு எழுதும் பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள். துணை டாக்டர் காகிதத்தைக் கையில் கசக்கியபடி அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடங்கச் சொல்லவில்லை. அவள் கத்தி முடிக்கும் வரை எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தார்.